பழங்கணினிப் பராமரிப்பு வாரியமும் ஒரு ரப்பர் பட்டையும்

அரசாங்கம் எதையாவது காப்பாற்றுவதற்கென்று ஒரு வாரியத்தை அமைத்துவிட்டதாகக் காதில் விழுந்தால், அந்தப் பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுங்கள். யாராவது கேட்டால் தையல் மிஷின் என்று சொல்லுங்கள். இந்தப் புத்திமதியை நம் டைப்பிஸ்ட் கேட்டிருந்தால் மனுஷர் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருப்பார். இதைக் கிட்டத்தட்டச் சொன்ன ஒரே ஆள் எதிர்வீட்டு மெக்கானிக். அவன் பேச்சை இவர் மதிக்கவில்லை.

டைப்பிஸ்ட் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆயுசு முழுக்கத் தட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். நோட்டீஸ் அடித்து அடித்துப் பழகிய கை, அதனால் அவருக்கு எதுவும் முறைப்படி நடக்க வேண்டும். வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட "தங்கள் மேலான கவனத்துக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் மனைவிக்கு நடுவயதில் கண் பார்வை போனது. அழுது தீர்த்த கையோடு, பிடிவாதமாக உட்கார்ந்து பிரெய்ல் கற்றுக்கொண்டார் அந்த அம்மாள். காகிதத்தில் புடைத்து நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கிற எழுத்து அது. கண்ணிருந்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம் படிக்கிறேன் என்று அவரே சொல்வார். படிப்பது என்ன தெரியுமா? துப்பறியும் நாவல். வேறு எதையும் தொட மாட்டார்.

இந்தப் படிப்புக்கு ஆதாரம் அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்த இரண்டு மிஷின்கள். ஒன்று, வக்கீல் அலுவலகம் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர். இன்னொன்று, பார்வையற்றோர் பள்ளி ஒன்று கழித்துக்கட்டிய பிரெய்ல் பிரிண்டர். வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட இரண்டும் இங்கே ஜோடி சேர்ந்து ஒழுங்காகக் குடித்தனம் நடத்தின. கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு தடவையும் பிளாப்பி என்கிற சதுரத் தகட்டை அதன் வாயில் செருகினால்தான் தான் யார் என்பதே அதற்குத் தெரியும். பிரிண்டரின் தடித்த கேபிளோ வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் நுழையாது. புதுசாக வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். புதுசின் விலையைக் கேட்ட அன்று டைப்பிஸ்ட் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் நூலகப் புத்தகத்தை மடியில் வைத்து ஓர் அத்தியாயம் தட்டுவார். மத்தியானம் அதை அச்சுக்குப் போடுவார். பிரிண்டர் ஓடினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம் வரும். அம்மாள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, சூடு ஆறாத தாளை மடியில் விரித்துக்கொள்வார். அதற்கப்புறம் வீடு தீப்பற்றினாலும் எழுந்திருக்க மாட்டார்.

மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தான். எந்தப் புத்தகத்தையும் அதுவே வாய்விட்டுப் படித்துக்காட்டும். அம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கொலையையும் வானிலை அறிக்கையையும் ஒரே குரல்ல படிக்குது. இது எனக்கு எதுக்கு?"

"அப்ப நான் படிச்சுக் காட்டறேனே" என்றார் டைப்பிஸ்ட்.

"நீங்களா? வேண்டவே வேண்டாம். உங்க குரல்ல கேட்டா கொலைகாரன்கூடப் பாவமாத் தெரியறான். எனக்கு நானே படிக்கணுங்க."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு பெரிய பங்களா, அதில் படுத்த படுக்கையாக ஒரு பணக்காரப் பெரியவர். ஒரு நாள் காலையில் அவர் செத்துக் கிடக்கிறார். கொன்றவர் யார்? தம்பி மேல் சந்தேகம், தோட்டக்காரன் மேல் சந்தேகம், உயில் எழுதிய வக்கீல் மேல் சந்தேகம். தினமும் வந்து நாடி பார்த்து, "நீங்க எழுந்திருக்கவே கூடாது, அசையாம படுத்திருங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போகும் டாக்டர் ஒருவர் மட்டும்தான் அம்மாளுக்கு நல்லவராகத் தெரிந்தார். "தங்கமான மனுஷன். தம்பிக்காரன்தான் கொன்னிருக்கான், எழுதி வெச்சுக்குங்க" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் வாதாடுவார். கடைசி அத்தியாயத்தைத் தட்டி முடித்த டைப்பிஸ்டுக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. அன்று முழுக்க மனைவியின் பக்கமே அவர் போகவில்லை. அவர் மூச்சு விடுவதை வைத்தே அம்மாள் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த நாள் மத்தியானம் பிளாப்பியைச் செருகினார். அதைச் சுற்றும் டிரைவ் லேசாக முனகியது. அப்புறம் அதுவும் நின்றது.

திறந்து பார்த்தால், உள்ளே சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் பட்டை உருகிக் கிடந்தது. தொட்டால் விரலில் தார் மாதிரி ஒட்டியது. அம்மாள் தன் தலைமுடி ரப்பரைக் கழற்றிக் கொடுத்தார். அதை மாட்டியதும் சக்கரம் சுற்றியது, ஆனால் சுற்றிய வேகத்தில் பிளாப்பியில் இருந்த எதுவும் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு மெக்கானிக் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிப் பார்த்தான். அதுவும் சரிப்படாமல் மறுபடியும் தலைமுடி ரப்பரையே மாட்டிவைத்தார்கள்.

"அண்ணே, பழைய இரும்புக் கடைப் பக்கம் போங்க. இதே மாதிரி செத்த மிஷின் ஒண்ணு கெடச்சா பட்டையை மட்டும் உருவிக்கலாம்" என்றான் மெக்கானிக்.

டைப்பிஸ்ட் செய்த தப்பு இங்கேதான். "உங்கள் பழங்கணினிக்கு நாங்கள் துணை" என்று பழங்கணினிப் பராமரிப்பு வாரியம் கொடுத்திருந்த விளம்பரத்தை அவர் பேப்பரில் பார்த்திருந்தார். வாரியத்தின் குளிரறையில் பட்டைகள் கட்டுக்கட்டாக இருப்பதாக அதில் போட்டிருந்தது. "அதுக்குன்னு ஒரு வாரியமே இருக்கும்போது இரும்புக் கடையில போய்த் துழாவுவாங்களா? முறைப்படி போய்க் கேட்டுட்டு வரேன்" என்றார்.

"மெக்கானிக் தம்பி சொன்னதைச் செய்யுங்களேன்" என்றார் அம்மாள்.

"நீ சும்மா இரு." சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாரியக் கட்டடத்தின் நீண்ட கூடத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் "நல்ல நிலை" என்று ஓர் அட்டை. டைப்பிஸ்ட் காத்திருந்த நேரத்தில் இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். ஒருவர் ஒரு மிஷின் பக்கத்தில் குனிந்து, காதை வைத்துச் சற்று நேரம் கேட்டார். "அமைதியா இருக்கு" என்றார். இன்னொருவர் "நல்ல நிலை" என்று குறித்துக்கொண்டார். அடுத்த மிஷினுக்குப் போனார்கள். "இதுவும் அமைதி." "நல்ல நிலை." இப்படியே கடைசி வரைக்கும். இது வாரியத்தில் தினமும் நடக்கும் நலம் விசாரிப்பு என்று வாசல் காவலர் பெருமையாகச் சொன்னார். ஒருநாளும் தவறியதில்லையாம்.

துணை இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர். குரலில் அப்படி ஒரு பணிவு. டைப்பிஸ்டுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"எனக்கு ஒரே ஒரு பட்டை வேணும் சார்" என்றார்.

"தாராளமா. அதுக்குத்தானே நாங்க இருக்கோம். மிஷின் ஓடுதா, ஓடலையா?"

"ஓடல சார்."

"அடடா. ஓடாத மிஷினுக்குப் பட்டை கொடுக்க விதியில்லையே. அது செத்த மிஷின்னு ஆயிடும். செத்ததுக்கு எப்படிப் பட்டை கொடுக்கறது? தணிக்கையில கேப்பாங்க."

"இல்ல சார், பட்டை போட்டா ஓடும்."

"அப்போ ஓடற மிஷின். ஓடற மிஷினுக்குப் பட்டை எதுக்கு?"

டைப்பிஸ்ட் தலையைச் சொறிந்தார். வக்கீல் அலுவலகத்தில் எவ்வளவோ கேட்டவர், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "சார், உங்ககிட்ட இத்தனை பட்டை இருக்குன்னு பேப்பர்ல…"

"இருக்கு. வாரியம் ஆரம்பிச்சதுல இருந்து ஒண்ணுகூடச் செலவாகல" என்று துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்ககிட்ட மனசு விட்டே சொல்றேன் ஐயா. பொதுமக்கள் மத்தியில ஒரு தப்பான எண்ணம் இருக்கு. பழைய மிஷினைக் காப்பாத்தறதுன்னா அதை ஓட வெக்கிறதுன்னு நெனச்சிட்டிருக்காங்க. எங்க மிஷின் ஒண்ணுகூட இதுவரைக்கும் ரிப்பேர் ஆனதில்ல. காரணம் என்னன்னு நெனைக்கிறீங்க?"

"நல்லாப் பாத்துக்கறீங்க சார்."

"அதுவும்தான். ஆனா முக்கியக் காரணம், ஒண்ணைக்கூட நாங்க போட்டுப் பாத்ததில்ல. போட்டாத்தானே கெட்டுப்போயிருக்கான்னு தெரியும்? போடாத வரைக்கும் எல்லாம் நல்ல நிலைதான். வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து இந்த முறையைப் பாத்துட்டுப் போறாங்க."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். போகிற வழியில் இரும்புக் கடை. ஆனால் நம் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டு மிஷின் அப்படி இல்ல சார். முந்தாநாள் வரைக்கும் தினமும் ஓடிச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

துணை இயக்குநரின் கையிலிருந்த பேனா மேசையில் விழுந்தது. "தினமுமா?"

"தினமும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்."

"இவ்வளவு காலமா?"

"ஆமாம் சார்."

துணை இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "வீட்டு முகவரியைச் சொல்லுங்க" என்றார். டைப்பிஸ்டும் முறைப்படி, பின்கோடு உட்படச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே வேன் வந்து வாசலில் நின்றது. ஒரு ரப்பர் பட்டைக்கு இவ்வளவு வேகமா என்று டைப்பிஸ்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? வாரியம்னா வாரியம்தான்" என்றார்.

"பட்டை கைக்கு வந்த பிறகு சொல்லுங்க" என்றார் அம்மாள்.

மதிப்பீட்டு அலுவலர் வெள்ளைக் கையுறை மாட்டிய ஒரு பெண்மணி. கம்ப்யூட்டரைக் கண்டதும் ஐயோ என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் நின்றார். பிறகு மேல்புறத்தை ஒரு விரலால் தடவி விரலைப் பார்த்தார். "இதுமேல இருந்த தூசி எங்கே?"

"துடைச்சிட்டேன் மேடம். தினமும் துடைப்பேன்."

"தினமுமா? அது எந்தக் காலத்துத் தூசின்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"முந்தின நாள் தூசி மேடம்."

"முந்தின நாள் தூசி. நீங்க சும்மா விட்டிருந்தா இன்னிக்கு அதுக்கு எவ்வளவு வயசாகியிருக்கும்?" அவருக்குக் குரல் தழுதழுத்தது. டைப்பிஸ்ட் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டிரைவைத் திறந்தபோது ஊதா நிறத் தலைமுடி ரப்பர் அகப்பட்டது. அலுவலர் அதை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அந்நியப் பொருள்" என்றார். உதவியாளர் அதை ஒரு உறையில் போட்டு ஒட்டினார்.

"என் தலைமுடி ரப்பர். துவைச்சதுதான்" என்றார் அம்மாள்.

"மிஷினுக்கு முன்னாடி யாராவது கடுமையாப் பேசறதுண்டா?"

"நான் திட்டுவேன். பேப்பரை மெல்லும்போதெல்லாம் நல்லாத் திட்டுவேன். திட்டினா ஓடும்."

அலுவலர் எச்சிலை விழுங்கினார். அப்புறம் உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் ஒரு குளிர்ப்பெட்டியைத் திறந்து, வெள்ளித் தாளில் சுற்றிய ஒரு ரப்பர் பட்டையை எடுத்து மாட்டினார். ஓடுவதாகச் சொல்லி வந்த முதல் மிஷின் என்பதால், உயிர் உண்டா என்று ஒரே ஒரு தடவை சோதித்தால்தான் பட்டியலில் சேர்க்க முடியுமாம். பட்டியலாவது ஒன்றாவது, டைப்பிஸ்ட் பிளாப்பியைச் செருகிப் பட்டனைத் தட்டினார். டிரைவ் சுழன்றது. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. அம்மாளுக்கு முகம் எப்படி மலர்ந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தாள் முழுக்க வெளியே வருமுன் ஓடிவந்து அதன்மேல் விரலை வைத்துவிட்டார்.

துப்பறிவாளர் எல்லாரையும் பங்களாவின் கூடத்தில் உட்கார வைக்கிறார். ஜன்னல்களைச் சாத்துகிறார். பெரியவரைக் கொன்றவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார் என்கிறார். மெதுவாகத் திரும்புகிறார்.

"போதும். உயிர் இருக்கு" என்று அலுவலர் ஸ்விட்சை அணைத்தார். "அம்மா, கொஞ்சம் விரலை எடுங்க. இந்தத் தாள் எங்களுக்குச் சான்று." சொல்லிக்கொண்டே தாளை உருவிவிட்டார். அம்மாளின் விரல்கள் ஒன்றுமில்லாத இடத்தில் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன.

அப்போது திருகாணி கழலும் சத்தம் கேட்டது. முதலில் கேட்டவர் அம்மாள்தான். "ஏங்க, எதுக்குங்க கேபிளைக் கழட்டறாங்க?"

"மேடம், பட்டையைத்தானே கேட்டேன்…" என்றார் டைப்பிஸ்ட்.

"உங்களுக்கு விஷயம் புரியல ஐயா. எங்களுக்குத் தெரிஞ்சு, ஓடற நிலையில இருக்கற கடைசி மிஷின் இது. இதைப் போய் ஓட்டிக்கிட்டிருக்கீங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம், நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"பிரிண்டரையாவது விட்டுட்டுப் போங்க மேடம்."

"ஜோடியைப் பிரிக்கறது பாவம் இல்லையா?" என்றார் அலுவலர். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் டைப்பிஸ்டுக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இவரும் கோபப்பட்டிருக்கலாம்.

வேன் போய்விட்டது. மேசையின் மேல் இரண்டு வெளுத்த சதுரங்களும், கொடையாளர் என்று அவர் பெயர் போட்ட சான்றிதழும் மிச்சம். எதிர்வீட்டு மெக்கானிக் வாசலில் வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேனேண்ணே" என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டு போனான்.

மத்தியானம் ஆனதும் அம்மாள் பழக்க தோஷத்தில் ஜன்னலோர நாற்காலிக்கு வந்தார். மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்ட் பக்கத்தில் போய் நின்றார். "நான் சொல்லிடட்டுமா? ஒரே வார்த்தைதான்."

"வாயைத் தொறந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டைப்பிஸ்ட் மறுபடியும் வாரியத்துக்கு நடந்தார். மிஷினைத் திருப்பித் தாருங்கள், என் மனைவி படிக்க வேண்டும் என்று நாத் தழுதழுக்கக் கேட்டார். துணை இயக்குநர் அன்றும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா நாங்க ஒரு ஆய்வு செஞ்சோம் ஐயா. பழைய மிஷின் எல்லாம் கெட்டுப்போறதுக்கு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? பயனாளிகள். அவங்க கை படறதாலதான் பட்டன் தேயுது. அவங்க போடறதாலதான் சூடாகுது. அதனால பயனாளிங்கற பிரிவையே எடுத்துட்டோம். அப்புறம் பாருங்க, புகாரே வரல."

"அவளுக்குக் கண்ணு தெரியாது சார். படிக்கறதுக்கு வேற வழியில்ல."

"அதனாலதான் ஒரு யோசனை" என்றார் துணை இயக்குநர், ஏதோ வரம் கொடுப்பவர் மாதிரி. "மிஷினுக்குத் தனிக் கூடம் கட்டறோம். திறந்து வெக்கப்போறது யாரு? உங்க வீட்டம்மாதான். பார்வையற்றவங்க மேல வாரியத்துக்கு இருக்கற அக்கறையை எல்லாரும் பாக்கணும். புள்ளி எழுத்துலயே ஒரு அறிவிப்புப் பலகை வெக்கலாம்னு இருக்கோம். அதை இந்த மிஷின்லயே அடிச்சிட்டா எவ்வளவு பொருத்தமா இருக்கும்! கடைசி இயக்கம்னு குழுவுல விசேஷ அனுமதி வாங்கியிருக்கேன். ஒரே ஒரு தாள். ஆனா…" அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க யாருக்கும் அதைப் போடத் தெரியல. நீங்க வந்து அடிச்சுக் குடுப்பீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் "சரிங்க சார்" என்றது. ஒரே ஒரு தாள் என்ற வார்த்தை அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசி இயக்கத்தன்று எல்லா அலுவலர்களும் கையுறையோடு சுற்றி நின்றார்கள். பலகையில் வர வேண்டியது "தயவுசெய்து தொடாதீர்கள்". டைப்பிஸ்ட் பிளாப்பியைச் செருகினார். அதே பிளாப்பி. ஆயுசில் ஒரு கமாவைக்கூட மாற்றி அடிக்காத மனுஷர், அன்று முதல்முறையாக முறை தவறினார். "தயவுசெய்து தொடாதீர்கள்" என்பதைத் தட்டவே இல்லை. கடைசி அத்தியாயத்தில், துப்பறிவாளர் விரலை நீட்டிக் கொலைகாரனைக் காட்டும் அந்த ஒரு பக்கத்தை அச்சுக்குப் போட்டுவிட்டார். புள்ளி எழுத்து அங்கே யாருக்கும் தெரியாது.

"ரெண்டு வார்த்தைதானே? இவ்வளவு புள்ளியா?" என்று துணை இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"புள்ளி எழுத்து இடத்தை அடைக்கும் சார். கொஞ்சம் மரியாதையாவும் எழுதியிருக்கேன்."

"மரியாதை முக்கியம்" என்று அவர் தலையாட்டினார். மிஷினை அணைத்தார்கள். அலுவலர்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இவ்வளவுதான் சொன்னார்: "திறப்பு விழாவுல மிஷின் பக்கத்துல ஒரு பலகை இருக்கும். அவசரப்படாம தடவிப் பாரு." அம்மாள் சிரித்தார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் வந்த சிரிப்பு. "அடப்பாவி மனுஷா" என்றார். விழாவுக்குப் போகுமுன் நகம் வெட்டிக்கொண்டு, விரல் நுனிகளுக்கு எண்ணெய் தடவி ஊறவைத்தார். "தம்பிக்காரன்தான், பாத்துட்டே இருங்க" என்று ஆட்டோவில் போகும்போதுகூட விடவில்லை. டைப்பிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தார். அந்த ஒரு பயணம் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார், அதை மறைக்க வேண்டாம்.

விழாவில் துணை இயக்குநர் பேசினார். "இந்த அம்மா இந்த மிஷினைத் தினமும் பயன்படுத்தினாங்க. தினமும்! ஆனாலும் மிஷின் பிழைச்சிடுச்சு. அப்படின்னா அது எவ்வளவு உறுதியான மிஷின்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க." பலத்த கைதட்டல். "இனிமே அதுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல. நம்ம வாரியம் இருக்கற வரைக்கும் அதை யாரும் எழுப்ப மாட்டாங்க." இன்னும் பலத்த கைதட்டல். அம்மாள் கையில் கத்தரியைக் கொடுத்து நாடாவை வெட்டச் சொன்னார்கள். வெட்டினார். ஊதா நிறத் தலைமுடி ரப்பரும் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. கீழே "பொதுமக்களின் அறியாமை" என்று எழுதியிருந்தது. நல்லவேளை, அதை யாரும் அம்மாளுக்குப் படித்துக்காட்டவில்லை.

"பலகை எங்கே?" என்றார் அம்மாள். கை முன்னால் நீண்டுவிட்டது.

டைப்பிஸ்ட் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். விரல்கள் போய்ப் பட்ட இடம் வழவழவென்று, ஜில்லென்று இருந்தது. அம்மாள் மேலே தடவினார், கீழே தடவினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரு புள்ளி இல்லை.

"ஏங்க, கண்ணாடியால்ல இருக்கு?"

டைப்பிஸ்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், பலகை, எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள். "சார், இந்தப் பலகையை வெளியில வெச்சிருக்கலாமே…"

"வெளியிலயா?" துணை இயக்குநர் அதிர்ந்துவிட்டார். "தொட்டுத் தொட்டுப் புள்ளி எல்லாம் அமுங்கிடுமே ஐயா. இது இந்த மிஷினோட கடைசி எழுத்து. காலத்துக்கும் இருக்கணும் இல்லையா?" பிறகு அம்மாள் பக்கம் குனிந்து, அன்பொழுகச் சொன்னார்: "என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்றேம்மா. ‘தயவுசெய்து தொடாதீர்கள்’னு போட்டிருக்கு."

அம்மாளின் விரல்கள் கண்ணாடியின் மேல் அப்படியே இருந்தன. புள்ளிகள் அந்தப் பக்கம், ஒரு கை நீளம்கூட இல்லை. டைப்பிஸ்ட் கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று நினைத்தார். அப்படி உடைக்கிற ஆள் இல்லை அவர், அது அவருக்கே தெரியும். மதிப்பீட்டு அலுவலர் பக்கத்தில் வந்து, "அம்மா, கைரேகை படியுது" என்று மென்மையாக அந்தக் கையை எடுத்துவிட்டார். எடுத்த இடத்தை வெள்ளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "சரி, சொல்லிடுங்க. யாரு?"

"வேண்டாம்மா. எப்படியாவது…"

"எப்படியும் இல்ல. சொல்லுங்க."

அவர் மனைவியின் காதருகே குனிந்தார். "டாக்டர்."

"தினமும் வந்து நாடி பாத்தாரே, அசையாம படுத்திருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, அவரா?"

"அவரேதான்."

அம்மாள் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியின் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் துணை இயக்குநர் எல்லாரையும் தேநீருக்கு அழைத்துக்கொண்டிருந்தார். அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே. உங்க குரல்ல கேட்டா அவரும் பாவமாத்தான் தெரியறாரு" என்றார். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."